சேலம் செவ்வாய்ப்பேட்டையும் லீ பஜாரும்: அரை நாள் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய வியாபாரப் பேட்டை

சேலத்தில் இறங்குகிற வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் நேராக ஏற்காட்டுக்கு வண்டி பிடித்துவிடுகிறார்கள். ஊருக்குள் பார்க்க என்ன இருக்கிறது என்ற எண்ணம். அந்த எண்ணம் தப்பு. மலைக்கு மதியத்துக்கு மேல் போனாலும் மலை அங்கேயேதான் இருக்கும். லீ பஜாரின் காலை மதியத்துக்கு மேல் கிடைக்காது. இந்த ஜில்லாவின் பணம் எங்கே புரண்டது, இன்னும் எங்கே புரள்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் கோட்டை, அக்ரஹாரங்கள், செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் என்று அடுத்தடுத்துக் கிடக்கும் இந்த இரண்டு கிலோமீட்டர் சுற்றளவை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். கண்காட்சிக்காக ஒப்பனை போட்ட இடம் அல்ல. வேலை நடக்கிற சந்தை. அதனால்தான் பார்க்கத் தகுந்தது, அதனால்தான் சில சங்கடங்களும் உண்டு.

போகிற வழி எளிது. ஜங்ஷனிலிருந்து நாலைந்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் வந்தால் பழைய பேருந்து நிலையத்தில் இறங்கலாம். 2023-இல் திறந்த ஈரடுக்குக் கட்டிடம் இதுதான். அங்கிருந்து செவ்வாய்ப்பேட்டை நடக்கிற தூரம், வெயில் ஏறிவிட்டால் மட்டும் ஆட்டோ. கார் எடுத்து வருகிறவர்கள் வண்டியை வெளியே எங்காவது நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. மண்டித் தெருக்களில் லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும். உள்ளே போன கார் பின்னாலும் வர முடியாது, முன்னாலும் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். மொத்தக் கடைகள் பெரும்பாலும் அடைப்பாக இருக்கும், ஷட்டர்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நேரத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம்: ஏழு மணிக்குக் கோயில்கள், எட்டரை ஒன்பதுக்கு மண்டிகள், பத்தரைக்கு மேல் வெள்ளிக் கடைகள். வரிசையை மாற்றினால் வெள்ளிக் கடை திறந்திருக்காது, அல்லது கோயில் நடை சாத்தியிருக்கும்.

லீ பஜாரில் முதலில் தெரிவது மஞ்சள் வாசனை. சேலம், ஆத்தூர் வட்டாரத்து மஞ்சள் வந்து சேரும் பழைய இடங்களில் இது ஒன்று. விரலி, உருண்டை, பனங்காளி என்று மூன்று வகையாகப் பிரித்து வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்கு விரலி போதும். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வியாபாரிகள் வைத்திருக்கும் குத்தூசியைக் கவனியுங்கள்: சாக்கில் குத்தி இழுத்தால் உள்ளேயிருந்து ஒரு பிடி சரக்கு வெளியே வரும், சாக்கின் இழை மறுபடி மூடிக்கொள்ளும். தானியம், பருப்பு எல்லாம் இப்படித்தான் பார்க்கப்படுகிறது, ஏனென்றால் வாய்ப்பக்கம் இருக்கிற சரக்கும் அடிச்சரக்கும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சில்லறைக்கு வாங்கினாலும் நடு மூட்டையிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

மஞ்சளை ஒடித்துப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த விரலி டக்கென்று ஒடியும், உள்ளே ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருக்கும். வளைந்து நாராகப் பிரிந்தால் ஈரம் போகவில்லை, ஒரு மாதத்தில் பூசணம் பிடிக்கும். வெளித்தோல் மட்டும் பளீரென்று மின்னி, கையில் தேய்த்தால் மாவாக ஒட்டினால் நிறம் ஏற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். விரலியாக வாங்கி நம் ஊர் மில்லில் அரைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. பொடியாக வாங்கினால் இந்தச் சோதனை எதுவும் செய்ய முடியாது.

செவ்வாய்ப்பேட்டை மூலப்பிள்ளையார் கோயில் பக்கம் வெல்ல மண்டிகள். ஓமலூர் சுற்றுவட்டார ஆலைகளில் காய்ச்சிய வெல்லம் இங்கே வந்து ஏலத்தில் போகிறது. மொத்த வியாபாரம் 30 கிலோ சிப்பக் கணக்கு. சிப்பம் வேண்டாம் என்றால் ஏலம் எடுத்த சரக்கைப் பிரித்து விற்கும் கடைகளில் அச்சு வெல்லமோ உருண்டை வெல்லமோ கிலோ கணக்கில் கிடைக்கும். இங்கே வெளியூர்க்காரர் செய்கிற ஒரே தவறு, நிறம் பார்த்து வாங்குவது. வெளிர் மஞ்சளாக இருக்கிற வெல்லம் சுத்தமானது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கரும்புச் சாறைச் சுண்ணாம்பு போட்டு அழுக்கெடுத்துக் காய்ச்சினால் வருகிற இயல்பான நிறம் பழுப்புதான். அதை வெளுக்க வைப்பது ஹைட்ரோஸ் என்கிற ரசாயனம். அது போட்ட வெல்லத்தில் கந்தகம் தங்கிவிடும். வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. இன்னொரு கலப்படம் சர்க்கரை. உடைத்த இடத்தில் பொடிப்பொடியாகப் படிகம் மின்னினால், கடித்தால் நறநறவென்று இருந்தால், சாறு குறைவு, சர்க்கரை அதிகம். பொங்கலுக்கு முந்தின இரண்டு வாரம் தேவை தலைக்கு மேல் போகிற காலம், இந்த இரண்டையும் அப்போது கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் வாங்கினால் பிளாஸ்டிக் பையில் அப்படியே வைக்காதீர்கள். வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். காகிதம் சுற்றி இறுக்கமான டப்பாவில் போட்டால் நிற்கும்.

ஜவ்வரிசிக்குச் சேலம் தலைநகரம் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலேயா, சிங்கப்பூர் சரக்கு நின்றபோது மரவள்ளிக் கிழங்கிலிருந்து இங்கேயே செய்யத் தொடங்கினார்கள்; 1943-இல் ஆரம்பித்தது இந்தத் தொழில். உற்பத்தியாளர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981-இல் வந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மொத்தத்தில் 90 கிலோ மூட்டையாகப் போகிற இந்தச் சரக்கைப் பஜார் மளிகைக் கடைகளில் கிலோ கணக்கிலும் தருவார்கள். மாவு ஜவ்வரிசியா நைலானா என்று கேட்டு வாங்குங்கள். ஈர மாவை உருட்டிச் சல்லடையில் சலித்து வறுத்துக் காயவைத்தால் மாவு ஜவ்வரிசி. அதே உருண்டையை ஆவியில் வேகவைத்துக் காயவைத்தால் கண்ணாடிபோல் இருக்கும் நைலான். பாயசத்துக்கு நைலான், வடகத்துக்கு மாவு. மாற்றி வாங்கிவிட்டு, கஞ்சியாகக் குழைகிறது என்றோ எத்தனை கொதித்தாலும் நடுவில் வெள்ளைப் பொட்டு போகவில்லை என்றோ புலம்புகிறவர்கள் நிறைய. சுண்ணாம்பு அடித்ததுபோல் கண்ணைக் கூசும் வெள்ளையாக இருந்தால் ரசாயனத்தில் வெளுத்தது. நல்ல சரக்கு சற்று மங்கலாகத்தான் இருக்கும்.

இனி வெள்ளி. இந்தப் பேட்டைக்கு வருவதற்கு இது ஒன்றே போதுமான காரணம். இந்தியா முழுக்கப் போகிற சேலம் கொலுசு செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு, கொண்டலாம்பட்டி என்று பல பகுதிகளில் வீட்டோடு சேர்ந்த பட்டறைகளில் செய்யப்படுகிறது. ஒரே ஆள் ஒரு கொலுசை முழுதாகச் செய்வது அபூர்வம். ஒரு வீட்டில் வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பார்கள், இன்னொரு வீட்டில் சங்கிலி பின்னுவார்கள், வேறொரு வீட்டில் பெண்கள் உட்கார்ந்து அரும்பும் சலங்கையும் வைத்துப் பொடி போட்டு ஊதிப் பற்ற வைப்பார்கள், கடைசியில் மெருகு. பட்டறைக்குள் நுழைந்து பார்க்க அனுமதி கேட்டால் சிலர் தருவார்கள், சிலர் மறுப்பார்கள். தரையில் சிந்துகிற துகளுக்கும் காசு உள்ள தொழில், மறுத்தால் வருத்தப்பட வேண்டாம்.

வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது டச் கணக்கு. நூறு கிராம் கொலுசில் எத்தனை கிராம் சுத்த வெள்ளி என்பதுதான் டச். 75 டச் என்றால் 75 கிராம் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. கடையில் கேட்க வேண்டிய கேள்வி இவ்வளவுதான்:

"அண்ணா, இது எத்தனை டச்? கூலி எத்தனை போடறீங்க?"

"எழுபத்தஞ்சு டச்சுங்க. கூலி பன்னெண்டு."

இந்தப் பதிலுக்கு அர்த்தம்: 75-உடன் 12 சேர்த்து 87. அதாவது எடையில் 87 சதவீதத்துக்கு அன்றைய சுத்த வெள்ளி விலை போட்டுப் பில் வரும். கணக்குக்கு எளிதாகக் கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 150 கிராம் ஜோடிக்கு 130.5 கிராம் வெள்ளி விலை, 13,050 ரூபாய். அதன்மேல் 3 சதவீத ஜிஎஸ்டி 391.50. மொத்தம் 13,441 ரூபாய் 50 காசு. நாளைக்கு இதே கொலுசைத் திருப்பிக் கொடுத்தால் கூலியும் வரியும் போய்விடும். 75 டச்சுக்கு 112.5 கிராம், 11,250 ரூபாய்தான் கணக்கு. கடைக்காரர் கழிவு பிடித்தால் இன்னும் குறையும். சில்லறை ஷோரூம்களில் முழு எடைக்கும் முழு வெள்ளி விலை போட்டு, அதற்கு மேல் செய்கூலி கேட்கிற இடங்களும் உண்டு. எது லாபம் என்று பார்க்க, பில் தொகையைக் கொலுசிலுள்ள சுத்த வெள்ளியின் கிராமால் வகுத்துப் பாருங்கள். இந்த உதாரணத்தில் 13,441.50-ஐ 112.5-ஆல் வகுத்தால் கிராமுக்கு ஏறக்குறைய 119 ரூபாய் 50 காசு. எந்தக் கடையிலும் இந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிட்டால் போதும், குழப்பம் தீர்ந்தது.

ஏமாற்றம் நடப்பது கூலியில் அல்ல, டச்சில். 80 என்று சொல்லி 70 கொடுத்தால் அதே 150 கிராமில் 15 கிராம் சுத்த வெள்ளி காணாமல் போகிறது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் மேலே வெள்ளி முலாம் ஒரே மாதிரி மின்னும். அதனால் பில்லில் எடையோடு டச்சையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். பஜாரிலேயே டச் பார்க்கும் கடைகள் இருக்கின்றன; மிஷினில் வைத்தால் சில நிமிடத்தில் சீட்டு வந்துவிடும். ஆனால் அந்த மிஷின் மேற்பரப்பைத்தான் படிக்கும். முலாம் பூசிய பொருளை அப்படியே வைத்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். கொக்கிப் பக்கம் ஒரு சின்ன இடத்தை அரத்தால் தேய்த்துவிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். பொடி போட்டு ஊதி ஒட்டிய பற்று இடத்தில் பார்த்தால் குறைவாகக் காட்டும், பற்றுப் பொடியில் செம்பும் துத்தநாகமும் கலந்திருப்பதால். ஆகவே தேய்த்த கம்பிப் பகுதியில் ஒன்று, சலங்கை பக்கத்தில் ஒன்று என இரண்டு இடத்தில் பார்ப்பது நியாயமான சோதனை.

ஹால்மார்க் கேட்கலாமா? கேட்கலாம். ஆனால் வெள்ளிக்கு அது கட்டாயம் இல்லை, விருப்பத்தின்பேரில்தான். இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ். தரவரிசையில் 800, அதாவது 80 டச்தான் கடைசிப் படி. அதனால் 70, 75 டச் கொலுசுக்கு ஹால்மார்க் கிடைக்கவே கிடைக்காது. அந்த ரகத்தைக் காட்டி ஹால்மார்க் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். முத்திரை உள்ள 92.5 வேண்டும் என்றால் 2025 செப்டம்பரிலிருந்து வந்திருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. அடையாளக் குறியை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். தினமும் போடுகிற கொலுசுக்கு 92.5 தேவையா என்றால், எங்கள் கருத்து வேண்டாம் என்பதே. சுத்த வெள்ளி மிருது. செம்பு சேர்ந்தால்தான் கண்ணி தேயாமல் நிற்கும். குழந்தைக் கொலுசுக்கும், வருஷத்தில் நாலு நாள் போடுகிற கல்யாணக் கொலுசுக்கும் உயர்ந்த டச் சரி; வேலை செய்கிற காலுக்கு 80 போதும்.

டச் சரியென்றால் அடுத்தது வேலைப்பாடு. கொலுசைக் கையில் நீட்டிப் பிடித்து மெதுவாக முறுக்கிப் பாருங்கள். எந்தக் கண்ணியாவது திரும்பாமல் விறைத்து நின்றால் அங்கே பற்று வழிந்து அடைத்திருக்கிறது; போட்ட ஆறே மாதத்தில் அந்த இடத்தில்தான் அறும். திருகை நாலைந்து முறை கழற்றி மாட்டுங்கள், மரை வழுக்கினால் வேறு ஜோடி எடுக்கச் சொல்லுங்கள். கொலுசு தொலைவதற்கு முக்கியக் காரணம் திருகுதான். சலங்கைக்குள் கிடக்கும் முத்து வெள்ளியா என்று கேளுங்கள். ஒரு சின்னக் காந்தம் வைத்தால் இரும்பு முத்து இருந்தால் ஒட்டும், அதற்கும் வெள்ளி விலை கொடுப்பீர்கள். மீனா வேலை என்கிற வண்ணப் பூச்சு உள்ள கொலுசுகளிலும் கல் வைத்த கொலுசுகளிலும் அந்த எடையைக் கழித்தார்களா என்பதும் இதே கேள்விதான். கறுப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் பட்டால் எந்த வெள்ளியும் கறுக்கும், செம்பு கூடினால் சற்று சீக்கிரம். பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீரில் போட்டு மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். மீனா உள்ளதைப் புளி, எலுமிச்சையில் ஊறப்போடக் கூடாது, பூச்சு உதிர்ந்துவிடும்.

கோட்டைப் பகுதியில் கோட்டை என்று சொல்லும்படி மதில் எதுவும் மிஞ்சவில்லை. மதிலைத் தேடி வருகிறவர்கள் ஏமாறுவார்கள். பார்க்க வேண்டியவை கோயில்கள். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே சுகவனேசுவரர் கோயில். கிளி வழிபட்ட தலம் என்பது ஐதீகம், இங்குள்ள முருகனை அருணகிரிநாதர் பாடியிருக்கிறார். கோட்டை மாரியம்மன் கோயிலில் 2023-இல் குடமுழுக்கு நடந்தது. அருகிலேயே அழகிரிநாதர் கோயில், ஊர்க்காரர்கள் கோட்டைப் பெருமாள் கோயில் என்பார்கள். இடையில் ஓடுவது திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் மஞ்சவாடிப் பக்கம் பிறந்து வருகிற ஆறு, ஊருக்குள் சாக்கடையாகத்தான் ஓடுகிறது. பார்க்க மனசு வலிக்கும். இந்தப் பேட்டையைப் பற்றிச் சொல்வதில் பெரிய குறை இதுவே.

சின்னக்கடை வீதியில் பூ, பழம், பூஜைச் சாமான். ஏப்ரல் முதல் ஜூன் வரை வந்தால் மாம்பழம்: மல்கோவா, இமாம் பசந்த், செந்தூரா. காம்புப் பக்கம் முகர்ந்து மணம் வந்தால் வாங்குங்கள். தோல் முழுக்க ஒரே மஞ்சளாக, மணமே இல்லாமல் இருந்தால் கல் வைத்துப் பழுத்தது, உள்ளே புளிக்கும். மல்கோவாவை மட்டும் நிறத்தை வைத்துத் தள்ளாதீர்கள், பழுத்தாலும் தோலில் பச்சை இருக்கும்.

சாப்பாட்டில் தவறவிடக் கூடாதது தட்டுவடை செட். இது மாலை நேரத்துப் பண்டம். நாலு மணிக்கு மேல்தான் தள்ளுவண்டிகள் வரும். உள்ளங்கைக்குள் அடங்குகிற இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், இரண்டு வகைச் சட்னி. வைத்துக் கொடுத்த உடனே முழுதாக வாயில் போட வேண்டும். பேசிக்கொண்டு நின்றால் பீட்ரூட் நீர் இறங்கித் தட்டுவடை நமுத்துவிடும். பார்சல் கேட்பது வீண். அப்படியே வேண்டுமென்றால் தட்டுவடை, காய், சட்னி மூன்றையும் தனித்தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். நன்றாக இருக்கும் வண்டியை அடையாளம் காண ஒரு வழி: காயை அவ்வப்போது துருவுகிறவரிடம் சாப்பிடுங்கள், மதியமே துருவி மூடி வைத்தவரிடம் வேண்டாம்.

குறைகளும் சொல்ல வேண்டும். மண்டித் தெருக்களில் நடைபாதை என்று ஒன்று இல்லை. மூட்டை தூக்கி வருகிறவர் "வழி, வழி" என்று குரல் கொடுத்தால் உடனே ஒதுங்க வேண்டும், முதுகில் பாரத்தோடு அவரால் நிற்க முடியாது. சுத்தமான கழிப்பறை கிடைப்பது கஷ்டம், பேருந்து நிலையத்திலேயே முடித்துக்கொண்டு வருவது நல்லது. எந்தத் தெருவில் எது என்று சொல்லும் பலகைகள் வெளியூர்க்காரருக்கு உதவுகிற மாதிரி இல்லை. வழி கேட்டால் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் "அந்தப் பிள்ளையார் கோயில் தாண்டி" என்கிற கணக்கில்தான் சொல்வார்கள். சக்கர நாற்காலியிலோ குழந்தை வண்டியோடோ லீ பஜாருக்குள் போக முடியாது.

ஆடி மாதத்தில் வருவதாக இருந்தால் தேதி பார்த்து வாருங்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகையையொட்டி ஊரே திருவிழாக் கோலமாக இருக்கும். குகை என்கிற பகுதியிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் சாமி வேடம் போட்டவர்களை அலங்கரித்த வண்டியில் ஏற்றி ஊர்வலம் விடுகிற வண்டி வேடிக்கை நடக்கும்; அதைப் பார்க்கவே வரலாம். ஆனால் அந்த நாட்களில் கொள்முதல் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், தெருவுக்குள் வண்டியும் நுழையாது, கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்காது.

சிப்பம் வெல்லமோ மூட்டை ஜவ்வரிசியோ எடுத்தவர்கள் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு திண்டாட வேண்டியதில்லை. பேட்டையிலேயே லாரி பார்சல் ஆபீஸ்கள் இருக்கின்றன. கடைக்காரரிடமே புக் செய்யச் சொன்னால் செய்து தருவார். பில் நகலை மூட்டையோடு ஒட்டி, சாக்கின் இரண்டு பக்கமும் ஊர்ப் பெயரையும் செல் நம்பரையும் மையில் எழுதச் சொல்லுங்கள். வெல்லத்துக்கு மேல் வேறு பாரம் ஏற்றக் கூடாது என்பதை ஆபீஸில் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள், கோடையில் அடிமூட்டை உருகி ஒட்டிக்கொள்ளும். வெள்ளியை மட்டும் பார்சலில் போடாதீர்கள், பில்லோடு கையிலேயே எடுத்துப் போங்கள்.